பதினோராம் பக்கம்

ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தை நெலிடா கழிப்பறையில் உட்கார்ந்து நான்காவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாஸ்தா தொழிற்சாலையில் தாழ்ப்பாள் போட்ட கதவு அது ஒன்றுதான். முதலாளி ஊரைவிட்டு ஓடி, தொழிலாளர்களே கட்டடத்தைக் கையில் எடுத்துக்கொண்ட முதல் வாரத்தில், மெக்கானிக் ஓஸ்வால்டோ திருப்புளியோடு போய் அலுவலகக் கதவைக் கழற்றிப் போட்டுவிட்டான். இனி மூடிய கதவுக்குப் பின்னால் யாரும் எதையும் முடிவு செய்யக் கூடாது என்று சொல்லிச் சொல்லிக் கழற்றினான். அது நடந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அங்கே ஜூலை நடுக்குளிர்காலம்; குளிர்காற்று ஆற்றிலிருந்து கிளம்பி ரொசாரியோ நகரின் தெருக்களைக் கடந்து, அந்த வெற்று வாசல் வழியாக நேரே நெலிடாவின் மேஜைக்கு வரும். கோட்டைக் கழற்றாமலேதான் அவள் கணக்குப் போடுவாள்.

பதினோராம் பக்கத்தில் விலை இருந்தது. நாடு முழுக்கக் கடைகள் வைத்திருக்கும் பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனம் ஒன்று, இவர்கள் செய்யும் பாஸ்தா முழுவதையும் இரண்டு வருடத்துக்கு வாங்கிக்கொள்கிறேன் என்றது. தன் பெயர் போட்ட பாக்கெட்டில்தான் விற்கும். வேறு யாருக்கும் இவர்கள் ஒரு கிலோகூடக் கொடுக்கக் கூடாது. பாக்கெட் போடுவதில் கை படக் கூடாது. அதற்கான இயந்திரத்தை அவர்களே தருவார்கள். வந்து பேசிய மனிதன் மிகவும் மரியாதையானவன். கிளம்பும்போது எல்லாருடைய கையையும் குலுக்கினான், மாவு ஒட்டியதைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. அவனை வெறுக்க நெலிடா முயன்று பார்த்தாள். முடியவில்லை.

அந்த விலையில் இருபத்து நான்கு பேர் பிழைக்கலாம். இருந்தவர்கள் முப்பத்தொரு பேர். பாக்கெட் போடும் மேஜையில் நின்றவர்கள் ஏழு பெண்கள். இந்தக் கணக்கு ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. அந்தப் பதினாறு பக்கங்களில் மனிதர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஓரத்தில் பென்சிலால் கழித்துப் பார்த்து, ஏழு என்று எழுதியது நெலிடாதான். ஒருங்கிணைப்பாளராக அவளைத் தேர்ந்தெடுக்கும் முன் பதினோரு வருடம் அவளும் அதே மேஜையில்தான் நின்றாள்.

வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால்? கடைகளிலிருந்து வரும் ஆர்டர் பாதியாகி, பாதியும் பாதியாகிவிட்டது. கட்டணம் பாக்கி என்று எரிவாயுவை ஆகஸ்ட் கடைசியில் துண்டிப்பதாக நோட்டீஸ் வந்திருந்தது. உலர்த்தும் அறை ஒருமுறை குளிர்ந்துவிட்டால் ஈரப் பாஸ்தா இரண்டே நாளில் புளித்துவிடும். வசந்தம் வருவதற்குள் முப்பத்தொரு பேரும் வீட்டில் இருப்பார்கள். இதையும் அவள் பென்சிலால் எழுதிப் பார்த்திருந்தாள். எப்படிக் கூட்டினாலும் அதேதான் வந்தது.

கதவு தட்டப்பட்டது.

"உள்ளேயே குடியேறிட்டியா நெலி? வாடகை யாருக்குக் குடுக்கிறே?"

பாக்கெட் மேஜை எல்பாவின் குரல். நெலிடா காகிதங்களை மடித்துக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். எல்பா குழாயடியில் நின்று கை கழுவினாள். கண்ணாடி வழியாகவே பேசினாள்.

"படிச்சு முடிச்சாச்சா?"

"ம்."

"எங்க மேஜைதானா?"

நெலிடா கோட்டுக்குள் இருந்த காகிதங்களை இன்னும் உள்ளே தள்ளினாள். எல்பா குழாயை மூடி, கையை ஏப்ரனில் நிதானமாகத் துடைத்தாள், ஒவ்வொரு விரலாக.

"ஓஸ்வால்டோவை அனுப்பச் சொல்லுவாங்கன்னு வேண்டிக்கிட்டேன். நாள் பூரா அவன் பாடுற பாட்டாவது நிக்கும்."

"எல்பா, கேளு. நீங்க வேணாம்னு சொல்லிடுங்க. ஒருத்தி கை தூக்கலைன்னாலே போதும், அதோட முடிஞ்சது."

"எனக்கே சொல்லித் தர்றியா? அந்த விதியை எழுதினவளே நீதானே."

மற்ற எல்லா விஷயத்துக்கும் பாதிக்கு மேல் கை தூக்கினால் போதும். ஆனால் ஒருவரை வேலையைவிட்டு அனுப்புவதென்றால் ஒரு கை குறையாமல் எல்லாக் கையும் வேண்டும், போகிறவருடைய கையும் சேர்த்து. வாசலில் போலீஸ் நிற்க, உள்ளே பாக்கெட் மேஜைகளின் மேல் போர்வை விரித்துப் படுத்த எண்பது நாளில் ஒரு நாள் நெலிடா அதைப் பள்ளி நோட்டில் எழுதிப் படித்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். எல்பா அழுதாள். நாம் ஒருநாளும் முதலாளி மாதிரி ஆகிவிட மாட்டோம் என்பதற்கு அதைவிட உறுதியான பூட்டு அன்று யாருக்கும் தோன்றவில்லை.

"சரி, வேணாம்னு சொல்லிட்டோம்னு வை. அப்புறம்?" என்றாள் எல்பா.

"அப்புறம்... செப்டம்பருக்குள்ள..."

"முப்பத்தொரு பேரும். நல்லாத்தான் இருக்கும். பஸ் ஸ்டாப்புல பேச்சுத் துணைக்குப் பஞ்சம் இருக்காது."

சொல்லிவிட்டு அவள் வேலைக்குத் திரும்பினாள். திட்டிவிட்டுப் போயிருந்தால் தேவலை என்றிருந்தது நெலிடாவுக்கு.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உலர்த்தும் அறையின் முன்னால், சூடு கொஞ்சம் கசிகிற இடத்தில், வட்டமாகக் கூடி உட்கார்ந்தார்கள். மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குடுவை கை மாறிக்கொண்டிருந்தது. ஒருவர் உறிஞ்சி முடித்துக் கொடுக்க, வெந்நீர் ஊற்றி அடுத்தவருக்குப் போயிற்று. நெலிடா ஒப்பந்தத்தைப் படித்தாள். பிறகு பென்சில் கணக்கையும் படித்தாள். ஏழு என்ற இடத்தில் குரல் உடையும் என்று பயந்திருந்தாள். உடையவில்லை. அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"ரெண்டு வருஷம் கழிச்சு அவன் வேற எவன்கிட்டயாவது போயிட்டான்னா?" என்றான் ஓஸ்வால்டோ. "எந்தப் பாக்கெட்லயும் நம்ம பேரு இருக்காது. இங்க ஒரு ஃபேக்டரி இருந்துச்சுன்னு ஒரு கடைக்காரனுக்கும் ஞாபகம் இருக்காது."

"ரெண்டு வருஷம் இருக்குல்ல," என்றார் மாவு பிசையும் இடத்திலிருந்து ஒருவர்.

"அதுக்குள்ள?"

"அதுக்குள்ள ரெண்டு வருஷம் சாப்பிட்டிருப்போம்."

நெலிடாவுக்கு அந்தப் பழைய முதலாளியின் நினைவு வந்தது. ஆளை அனுப்ப வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை மாலை ஒரு பட்டியலை வாசல் கதவில் ஒட்டிவிட்டுக் காரில் போய்விடுவான். மறுநாள் எல்லாரும் கூடி அவன் ஏழு தலைமுறையையும் திட்டுவார்கள். திட்டி முடித்தபின் மனம் லேசாகிவிடும். அவன் ஓடியபோது அந்த லேசும் கூடவே ஓடிவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. இப்படி ஒரு நினைப்பு தனக்குள் வருவதை எல்பா பார்த்துவிடுவாளோ என்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒப்பந்தத்தை ஏத்துக்கிறவங்க கை தூக்குங்க."

முதலில் ஓஸ்வால்டோ, கெட்ட வார்த்தை ஒன்றை முனகிக்கொண்டே தூக்கினான். பிறகு பிசையும் இடத்தவர்கள், அடுப்புக்காரர்கள், லாரி ஓட்டுபவர். பாக்கெட் மேஜைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவர்களில் முதலில் தூக்கியது எல்பா. வலது தோள் தேய்ந்துபோய்க் கை காதுக்கு மேல் போகாது. இடது கையால் முழங்கையைத் தாங்கித் தள்ளி ஏற்றினாள். மற்ற ஆறு பேரும் அவளைப் பார்த்துத் தூக்கினார்கள்.

நெலிடா வழக்கம்போல் இடப்பக்கத்திலிருந்து எண்ணினாள். முப்பது. மறுபடி வலப்பக்கத்திலிருந்து எண்ணினாள். முப்பது.

யாரோ ஒருவர் தூக்கவில்லை. அது புரிந்த கணத்தில் அவள் உடம்பெல்லாம் இதமாகத் தளர்ந்தது. குளித்து முடித்த குழந்தையைத் துண்டில் சுற்றியதுபோல் ஒரு கதகதப்பு. இதற்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தோம் என்பதை அவள் ஒளிக்காமல் தனக்குள் ஒப்புக்கொண்டாள். யாரோ ஒருவர் மறுத்துவிட்டார். இனி நடப்பது அவர் பொறுப்பு. நன்றியோடு அந்த முகத்தைத் தேடி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

எல்லா முகங்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கை மடியில், பதினோராம் பக்கத்தின் மேல் கிடந்தது. உயரும்படி மனதுக்குள் அதற்குச் சொன்னாள். அது தன் கை மாதிரியே இல்லை.

"நெலி," என்றாள் எல்பா, தாழ்ந்த குரலில். "தூக்குடி. தோள் வலிக்குது."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் கையை இறக்கவும் இல்லை. உயர்ந்திருந்த கைகளிலிருந்து சட்டைக்கை சரிந்து, குளிரில் தோல் புள்ளி புள்ளியாகச் சிலிர்த்திருந்தது. இடது உள்ளங்கையால் முழங்கையை முட்டுக்கொடுத்து, எல்பா தன் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.