கிளச் காலுக்கு வந்த பழி

லியோனுடைய இடது காலில்தான் குற்றம் என்று முதலில் சொன்னவன் செபநாயகம். வேறு யாராவது சொல்லியிருந்தால் லியோன் அவன் சட்டையைப் பிடித்திருப்பான். பதினொரு வருடம் ஒரே ஒஸ்ரின் ஏ-40 காரை யாழ்ப்பாணத்துத் தெருவெல்லாம் ஹயருக்கு ஓட்டியவனுக்குக் கிளச் மிதிக்கத் தெரியாதாம்! ஆனால் சொன்னவன் செபநாயகமாயிற்றே. குருநகரில் ஒரே ஒழுங்கையில் பிறந்து, ஒரே வாங்கில் இருந்து படித்து, பிறகு கராஜ் போட்டவன். அவன் மகள் லூர்த்தம்மாவுக்கு ஞானத்தகப்பனே லியோன்தான். செபநாயகம் வாய் திறந்தால் லியோனுக்கு அது சுவாமியார் சொன்ன மாதிரி.

"மச்சான், குறை நினையாதை. நீ கிளச்சிலை காலை வைச்சபடி ஓடுறாய். வயசும் போகுதெல்லே. அதாலைதான் புதுப் பிளேட் ரெண்டு மாசத்திலை வழுக்குது."

அன்றிலிருந்து ஆறு மாதமாக லியோன் இடது செருப்பைக் கழற்றி ஆசனத்துக்கடியில் வைத்துவிட்டுத்தான் ஓட்டினான். வெறுங்கால் என்றால் பெடலில் கால் கிடக்கிறதா இல்லையா என்று தெரியும் அல்லவா? கியர் மாறியதும் சுட்டுவிட்டது போலக் காலை எடுப்பான். உடுவிலுக்குப் போகிற ஆசிரியைமார், "அண்ணை, காலிலை புண்ணோ?" என்று கேட்டால், "ஓம் பிள்ளை, ஆணி" என்று பொய் சொல்வான். அந்த வெட்கத்தை அவன் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

கார் அவனுடையதல்ல. கொக்குவிலில் இருந்த சோமசேகரம் என்ற ஓய்வுபெற்ற தபாலதிபருடையது. மகனோடு கொழும்பில் போய் இருக்கும் காலம் வந்தால் காரை லியோனுக்கே தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். மனிதர் நேர்மையானவர், ஆனால் இயந்திரம் என்றால் ஒன்றும் தெரியாது. செபநாயகம் சொல்வதே அவருக்கு முடிந்த முடிவு. வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராத எழுபத்து மூன்றாம் ஆண்டில், அந்தப் புதுக் கிளச் பிளேட்டை அவருடைய மகன் கொழும்பெல்லாம் அலைந்து தேடி மெயில் ரயிலில் அனுப்பியிருந்தான். அதைத் தன் கராஜில் வைத்துப் பூட்டியது செபநாயகம்தான். குடாநாடு முழுக்கத் தேடினாலும் அப்படி இன்னொன்று கிடையாது.

இப்போது வழுக்கலோடு சத்தமும் சேர்ந்துகொண்டது. முதல் கியர் போட்டால் காரே பல்லை நறநறவென்று கடித்தது. வெள்ளிக்கிழமை சோமசேகரம் படலையடியிலேயே நின்றார்.

"லியோன், திங்கட்கிழமை செபநாயகம் வந்து பாக்கட்டும். உம்மடை கால்தான் எண்டால் கார்த் திறப்பை வைச்சிட்டுப் போம். எனக்கு வேறை வழி இல்லை."

சனிக்கிழமை விடிந்ததும் லியோன் அவர் வளவுக்குள்ளேயே பரிசோதனையைத் தொடங்கினான். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கியர் போட்டான். நாலு கியரும் சத்தமில்லாமல் விழுந்தன. எஞ்சினை ஓடவிட்டுப் போட்டான். நறநற! அப்படியென்றால் கியர்ப் பெட்டியில் பழுதில்லை, கிளச்தான் முழுதாக விடவில்லை. பிறகு கைபிரேக்கை இறுக்கி, நாலாம் கியரைப் போட்டு, காலை எடுத்தான். எஞ்சின் அந்த இடத்திலேயே நின்றிருக்க வேண்டும். அதுவோ கேட்பாரில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பிடிக்கவும் மாட்டாது, விடவும் மாட்டாது! பெடல் பிடிக்குமுன் சும்மா அசைகிற விளையாட்டோ சரியாக ஒரு விரல் அளவு இருந்தது. அப்படியென்றால் பழுது உள்ளேதான்.

லியோன் இரண்டு பனங்குற்றியில் காரை ஏற்றி, கடல் கயிறு கட்டிக் கியர்ப் பெட்டியை மெல்ல இறக்கினான். முதலில் கைக்கு வந்தது, பெடலை மிதிக்கும்போது கிளச்சைத் தள்ளுகிற கரி வளையம். கால் எப்போதும் பெடலில் கிடந்தால் முதலில் தேய்வது அந்தக் கரிதான். பிளேட்டோடு சேர்த்துப் புதிதாகப் போட்ட அந்த வளையம் எட்டு மாதம் ஓடியும் தடிப்புக் குறையாமல் இருந்தது. லியோன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "ஆண்டவரே, என்ரை காலிலை பிழை இல்லை!" என்று வாய்விட்டே சொன்னான்.

அடுத்ததாகப் பிளேட் வந்தது. அதைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

குருநகரில் புது வலையோ புது வள்ளமோ சிலுவை போடாமல் கடலுக்குப் போகாது. கடலை விட்டுக் காருக்கு வந்த லியோனுக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை. புதுப் பிளேட் வந்த அன்று அதன் நடு இரும்பில் ஆணியால் சின்னதாய் ஒரு சிலுவை கீறியிருந்தான். ஐயா சைவர், செபநாயகமோ பகிடி பண்ணுவான் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. கையில் இருந்த பிளேட்டைத் துடைத்தான், மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினான், வெயிலில் பிடித்தான். சிலுவை இல்லை. யாரோ எப்போதோ எறிந்த பழைய பிளேட்டுக்கு மேலே லைனிங் ஒட்டி, ஆணி அறைந்திருந்தது. அந்த ஒட்டும் கிளம்பி ஒரு பக்கம் தொங்கியது.

அவனுக்குக் கலியாண நாள் ஞாபகம் வந்தது. பிளேட் மாற்றிய அடுத்த மாதம்தான் லூர்த்தம்மாவின் கலியாணம். எங்கோ உக்கிக் கிடந்த ஒரு ஏ-40ஐ எடுத்துத் திருத்திச் செபநாயகம் மருமகனுக்குச் சீதனமாகக் கொடுத்தான். பெண்ணைக் கோவிலுக்கு அந்தக் காரில் கொண்டுபோனவனே லியோன்தான். "கிளச் வெண்ணெய் மச்சான், எங்கை பிடிச்சனீ?" என்று மெச்சவேறு செய்தானே, மடையன்!

ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே கராஜுக்குப் போனான். மூடிய கதவுக்குப் பின்னால் அவன் சிலுவைக் கதையைச் சொன்னபோது செபநாயகம் மறுக்கவில்லை.

"பொம்பிளைப் பிள்ளையின்ரை காரியம் மச்சான். கார் ஓடாட்டி மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் போயிருப்பினம்."

"பிளேட்டை எடுத்தது போகட்டும். ஏன்ரா என்ரை காலைப் பழி சொன்னனீ? ஆறு மாசம் என்னை நானே நம்பேல்லையடா!"

செபநாயகம் அழுதான். லியோனுக்கும் கண் கலங்கியது.

"லூர்த்தம்மாவின்ரை காரை நான் திறக்கச் சொல்லமாட்டன். பிளேட் கூடாத சாமான் எண்டு சொல்லு. கரியைக் காட்டி, லியோன்ரை காலிலை பிழை இல்லை எண்டு ஐயாவுக்கு ஒரு சொல்லுச் சொல்லு. அது காணும்."

"சொல்லுறன். அந்தோனியார் ஆணை, சொல்லுறன்."

திங்கட்கிழமை செபநாயகம் வந்தான். வந்தது மருமகனின் காரில். குந்தியிருந்து பிளேட்டைப் புரட்டினான். கரி வளையத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். லியோன் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பிளேட் ஏதும் கூடாததோ?" என்று சோமசேகரம் கேட்டார். "அப்பிடியெண்டால் மகனுக்கு எழுதவேணும். அவன் இந்தப் பிளேட்டை வித்த கடையிலையே கொண்டுபோய்க் காட்டிக் கேப்பான்."

செபநாயகம் படலையடியில் நின்ற மருமகனின் காரை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு கரி வளையத்தைத் தன் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழும்பினான்.

"பிளேட் நல்ல பிளேட் ஐயா. நான் முதலே சொன்னனான். கால்தான்."

லியோனின் வாய்க்குள் சிலுவை நின்றது. அந்தா, படலையில் நிற்கிற காரைத் திறந்து பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்தக் கார் லூர்த்தம்மாவின் சீதனம். அவளுக்கு வயிற்றில் இப்போது ஆறு மாதம். களவெடுத்த சாமானோடு வந்தவள் என்ற பேச்சை, அவளை ஞானஸ்நானத் தொட்டியில் ஏந்திப் பெயர் வைத்த கையால் எப்படி வாங்கிக் கொடுப்பது? காரின் ஆசனத்துக்கடியில் கிடந்த இடது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, திறப்பைச் சோமசேகரத்தின் கதிரைக் கையில் வைத்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

படலையடியில் செபநாயகம் பின்னாலே ஓடிவந்தான். "மச்சான், ஏறு, குருநகரிலை விடுறன்."

"உன்ரை பிள்ளைக்காக வாயை மூடினன். உனக்காக இல்லை. இனி என்னை மச்சான் எண்டு கூப்பிடாதை."

செபநாயகம் காரை எடுத்தான். முதல் கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது. லியோன் ஒழுங்கை ஓரம் குனிந்து, ஆறு மாதமாகக் கார் ஓட்டும்போது போடாத அந்த இடது செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினான்.