சகலை விட்ட வரி

லிஃப்ட் சர்வீஸ் பட்டறையில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'சந்தேகம்' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். போல்ட்டை முடுக்கிவிட்டேன் என்று எவன் சொன்னாலும், தானே போய் ஸ்பேனரை வைத்து ஒரு திருகு திருகிப் பார்க்கிற ஆள். எட்டாவதோடு படிப்பை விட்டவர். முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் கூண்டின் முதுகில் நின்று வேலை பார்த்ததில் இரண்டு முட்டியும் தேய்ந்து போயின. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கம்பி தேவை. எழுந்தால் வாய்விட்டுத் திட்ட ஒரு ஆள் தேவை.

அப்படி இருக்கும்போதுதான் சர்க்யூட் போர்டு மேஜை நாற்காலி காலியானது. ஏறுவது கிடையாது, தொங்குவது கிடையாது. உட்கார்ந்த இடத்தில் பழைய லிஃப்ட்களின் சிப்புக்கு புரோகிராம் எழுத வேண்டும், அவ்வளவுதான். ஆபீஸ் மேடம் கம்ப்யூட்டர் பாஷையில் ஒரு வரி எழுதித் தருவார்: 'நாலு மாடி முடியும்வரை மணி அடி, ஒரு மாடி ஏறு.' மனுஷனுக்குப் புரியும். அந்தக் காலத்துச் சிப்புக்குப் புரியாது. அதை மாற்றித் தருகிற சாப்ட்வேரும் இப்போது எங்கேயும் கிடைக்கவில்லை. அதனால் கையாலேயே சிப்பின் சொந்தப் பாஷையான அசெம்பிளியாக மாற்ற வேண்டும். நாலை எடு. ரிஜிஸ்டரில், அதாவது சிப்புக்குள் எண் வைக்கிற டப்பாவில், வை. மணியைக் கூப்பிடு. மோட்டாரைக் கூப்பிடு. ரிஜிஸ்டரில் ஒன்றைக் கழி. பூஜ்யம் ஆகவில்லையா, மேலே தாவு. அடம்பிடிக்கிற குழந்தைக்குச் சட்டை மாட்டுகிற மாதிரி, இந்தக் கையை நீட்டு, அந்தக் கையை நீட்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்.

மூன்று வாரம் வகுப்பு நடந்தது, முடிவில் பரீட்சை. நாற்காலி ஒன்று, ஆள் இரண்டு. ஒருவர் சந்தேகம். இன்னொருவன் அவருடைய சகலை, மனைவியின் தங்கை புருஷன். பன்னிரண்டு வயது இளையவன், டிப்ளமா படித்தவன், அதே பட்டறை. ஒரே வீட்டில் பெண் எடுத்த பாவத்துக்கு இருபது வருஷமாக இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அளந்துகொண்டே இருந்தார்கள். அளவுகோல் மனைவியின் கையில்.

"தங்கச்சி வீட்டுக்காரர் அஞ்சே நாள்ல எல்லாத்தையும் கத்துக்கிட்டாராமே?" என்றாள் பரீட்சைக்கு முந்தின நாள்.

"அவன்கிட்டயே போய்க் கேளு."

"கேட்டேன். 'அண்ணன்தான் என்னைவிட நல்லா எழுதறாரு'ன்னு சொன்னாரு. பெருந்தன்மையான மனுஷன்."

சந்தேகம் தட்டைத் தள்ளி வைத்தார். சகலை தன்னைத் திட்டியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்.

பரீட்சையில் அதே மணி, அதே மாடிதான். சகலை பத்தொன்பது வரியில் முடித்து, பேனாவை மூடிவிட்டு, ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தான். சந்தேகம் இரண்டு மடங்கு நேரம் எடுத்து, முப்பத்தொரு வரி எழுதினார்.

"ரெண்டு பேரும் தாளை மாத்திக்கிட்டுப் பாருங்க. இன்னொருத்தர் கண்ணு படாம இங்க எதுவும் சிப்புல ஏறாது" என்றார் மேடம்.

சகலை தாளை நீட்டினான். "அண்ணே, ஒரு பார்வை பாத்துடுங்க. உங்ககிட்ட தப்பினா அப்புறம் எவன்கிட்ட மாட்டப் போகுது?"

கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அதுவே பாதி எரிச்சல். படித்துக்கொண்டே வந்தவர் மணியைக் கூப்பிடுகிற வரியில் நின்றார். மணி அடிக்கிற புரோகிராம் துண்டு ஏற்கெனவே வேறொருவர் எழுதி வைத்தது, சுவரில் ஒட்டியிருந்தது. எல்லாரும் அதைக் கூப்பிட்டார்கள், ஒருவரும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. சந்தேகம் மட்டும் வரி வரியாகப் படித்திருந்தார். மூன்று அடி அடிப்பதை எண்ண, அதுவும் அதே ரிஜிஸ்டரைத்தான் எடுத்துக்கொள்ளும். திரும்பி வரும்போது நம்முடைய நாலு இருக்காது, பூஜ்யம்தான் இருக்கும். அதில் ஒன்றைக் கழித்தால், பூஜ்யத்துக்குக் கீழே போகத் தெரியாத சிப்பின் கணக்கில் இருநூற்று ஐம்பத்தைந்து. ஒவ்வொரு சுற்றிலும் இதே கதை. லிஃப்ட் நிற்கவே நிற்காது. கூப்பிடுவதற்கு முன்னால் 'புஷ்' என்று ஒரு வரி எழுதி நாலைப் பத்திரப்படுத்தி, வந்த பிறகு 'பாப்' என்று எழுதித் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். சகலை அந்த வரியை விட்டிருந்தான். மணி எழுதினவனை நம்பிவிட்டான்.

நாக்கு நுனி வரை வந்தது. கண்ணுக்கு எதிரே நாற்காலி இருந்தது, குஷன் வைத்தது.

"நல்லாதான் இருக்கு" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

மேடம் சகலையின் புரோகிராமைச் சோதனைப் பெட்டியில் ஏற்றினார். மாடிக்கு ஒன்றாக எட்டு விளக்கு. நாலாவதில் நிற்க வேண்டியது ஐந்து, ஆறு, ஏழு என்று ஓடி, எட்டையும் தாண்டி, மணி அடித்துக்கொண்டே இருந்தது. மேடம் பிளக்கைப் பிடுங்கினார். அடுத்து சந்தேகத்தினுடையது. நாலில் கச்சிதமாக நின்றது.

சகலைதான் முதலில் கை தட்டினான். "நான் சொல்லல?"

மேடம் கை தட்டவில்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "உங்க தாள்ல ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் முன்னால புஷ் இருக்கு. இவர் தாள்ல இல்லாதது உங்களுக்குத் தெரியலையா?"

தெரியவில்லை என்றால் முட்டாள். எவனையோ பார்த்துக் காப்பியடித்தவன் என்பார்கள். தெரிந்தது என்றால் அயோக்கியன். சந்தேகம் அதிக நேரம் யோசிக்கவில்லை. சகலையின் முன்னால் முட்டாளாக நிற்க அவரால் முடியாது.

"தெரிஞ்சுது. பாத்த உடனே தெரிஞ்சுது."

"அப்ப ஏன் சொல்லல?"

"அவனுக்கு எல்லாமே சுலபமா வருது. இது ஒண்ணாவது வராம போகட்டும்னுதான்."

சகலை சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "நிஜ லிஃப்ட்டா இருந்தா, அண்ணே?"

"நிஜ லிஃப்ட்டா இருந்தா சொல்லியிருப்பேன்டா!"

"அதை நான் எதை வெச்சு நம்பறது?" என்று கேட்டார் மேடம்.

தன்னிடம் ஒருவன் இப்படிச் சொல்லியிருந்தால் சந்தேகமும் நம்பியிருக்க மாட்டார்.

நாற்காலி சகலைக்குப் போனது. தெரியாமல் செய்த தப்பை ஒரு வாரத்தில் திருத்தலாம் என்றார் மேடம். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: மேஜையிலிருந்து போகிற ஒவ்வொரு தாளும் சந்தேகம் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சிப்பில் ஏற வேண்டும். அதை நம்பிக் கூண்டின் முதுகில் நிற்கப் போகிறவர் அவர்தானே.

வீட்டில் மனைவி, "தங்கச்சி மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை முதல் தாள் வந்தது. சகலை எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டான். முகத்தில் கோபம் இருக்கிறதா என்று சந்தேகம் உற்றுப் பார்த்தார். கொஞ்சம் இருந்தது. அது ஒன்றுதான் ஆறுதல்.

"உக்காந்து படிங்க."

"வேணாம்."

சுவரில் சாய்ந்து, நின்றபடியே மூன்று தடவை படித்தார். முட்டி இரண்டும் விண் விண் என்று தெறித்தன. எங்கே வேண்டுமோ அங்கேயெல்லாம் புஷ் இருந்தது. ஒரு தப்புகூட அகப்படவில்லை. நாலாவது தடவை மேலேயிருந்து ஆரம்பித்தார்.