எட்டுச் சுற்று ரீல்

மீன் பிடிக்கப் போகிற மனுஷன் சட்டையில் மீன் வாடை வர வேண்டுமா, வேண்டாமா? மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், ஆராதனைக்கு மட்டம் போட்டுவிட்டுத் தூண்டிலோடு கிருஷ்ணகிரி அணைக்குக் கிளம்பிவிடுகிறார் என் வீட்டுக்காரர் எட்சன். சாயங்காலம் திரும்பும்போதும் சட்டையில் காலையில் போட்ட பவுடர் வாசம்தான். பக்கத்து வீட்டு மாதேஸ்வரி வேறு, "ஏங்க்கா, உங்கூட்டுக்காரரு தண்ணியில மீன் புடிக்கிறாரா, தரையில புடிக்கிறாரா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

நான் சிப்காட்டில் ஒரு பல்சக்கரக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். ஒரு பல் தேய்ந்திருந்தாலும் ஓரம் தள்ளுகிறவளிடமா இவர் கதை?

அவர் தூண்டிலுக்கு இரண்டு ரீல். அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். அடியில் உள்ள எண்தான் வேறு. ஒன்றில் கைப்பிடியை ஒரு தடவை சுற்றினால், நரம்பு சுற்றியிருக்கும் உருளை எட்டுத் தடவை சுற்றும். பாசிமேல் ரப்பர் தவளையை ஓட்டி விரால் பிடிக்க அது. கடித்த மீன் பாசிக்குள் புகுந்துகொள்வதற்குள் விறுவிறுவென்று இழுக்க வேண்டுமாம். இன்னொன்று ஐந்தே சுற்று. ஆழத்தில் முங்கி ஓடுகிற பிளாஸ்டிக் பொய்மீன் தண்ணீரை எதிர்த்துக் கனமாக வரும். அதைக் கை நோகாமல், நிதானமாக இழுக்க அது. கல்யாணமான புதிதில் அவரே வாய் வலிக்கச் சொல்லித் தந்ததுதான் இவ்வளவும்.

சனிக்கிழமை அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, பையிலிருந்த ஐந்தை எடுத்து பீரோவில் ஒளித்தேன். அதன் உறைக்குள், வீட்டில் கிடந்த எட்டை வைத்தேன். ஒரு சுற்று சுற்றினாலே அவர் கைக்குத் தெரிந்துவிடும்.

மறுநாள் சாயங்காலம் ஒரு வாளை மீனோடு வந்தார்.

"எந்த ரீலுங்க போட்டீங்க?"

"ஆழத்துல கெடந்துச்சு சீலி. அஞ்சப் போட்டு மெள்ள மெள்ள இழுத்தேன். எட்டப் போட்டிருந்தா கை போயிருக்கும்."

அடப்பாவி மனுஷா! மீன் வாயைப் பிளந்து பார்த்தேன். கொக்கி குத்தின தடமே இல்லை. செவுளோரம் வலை அறுத்த கோடு. பையைக் கவிழ்த்து, ரீலைத் திருப்பி எண்ணை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"யாரவ?"

எட்சன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யாருமில்ல சீலி. அணைக்குத்தான் போறேன். அங்க பார்க்குல மரத்தடியில படுத்துட்டு வரேன். பையத் தொறக்கறதே இல்ல. வரும்போது கடையில மீன் வாங்கிக்குவேன்."

"எதுக்கு இந்த நாடகம்?"

"இங்க போனப் பாக்கற, பாக்கெட்டப் பாக்கற, சட்டைய மோந்து பாக்கற. வாரத்துல ஒரு நாளாச்சும் யாரும் என்னைய செக் பண்ணாத எடத்துல கெடக்கலாம்னு போறேன். தூண்டில் போடக்கூட மனசு வரல."

குரல் உடைந்தது. பதினோரு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஏசப்பா, இது பொய் இல்லை என்று எனக்கே தெரிந்தது. தப்புப் பண்ணிட்டேங்க என்று சொல்லத்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தனியாவா படுத்திருந்தீங்க?"

எட்சன் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினார். எங்கே போகிறேன் என்று இந்தத் தடவை ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.