முதல் டம்ளர்

விடியும் முன்பே, ஊருக்குக் குடிநீர் வடிகட்டும் மணல் தொட்டியைக் கழுவத் தொடங்கிவிட்டார்கள். அடியிலிருந்து தண்ணீர் பொங்கி எழ, மணலில் தங்கிய சேறு குழம்பிப் பழுப்பாய் வழிந்தது. அவள் நீண்ட வாரியால் கிளறிக்கொண்டே இருந்தாள். தோள் கழன்றுவிடும் போலிருந்தது.

கழுவி முடித்ததும் தெளிந்து விழும் நீரின் முதல் டம்ளரை, தொட்டியைக் கழுவியவர்களே குடிக்க வேண்டும். ஊர் குடிக்கும் முன் நாம் குடிப்போம் என்பது அந்த நீர் நிலையத்தின் வழக்கம்.

கான்ட்ராக்டர் பிளீச்சிங் பவுடரைக் குறைத்ததிலிருந்து டம்ளர் கவிழ்ந்தே கிடந்தது. மணல் சேற்றைத்தான் பிடிக்கும். கிருமியைக் கொல்ல மருந்து வேண்டும். எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. அவள் வீட்டில் காய்ச்சிய தண்ணீரைப் பையில் ஒளித்துக் கொண்டுவந்து, மற்றவர்களுக்கு முதுகு காட்டிக் குடித்தாள்.

நேற்று நாத்தனாரின் மகள் வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தாள்.

"காய்ச்சின தண்ணிதானே குடுத்தே?"

"எதுக்கு அண்ணி காய்ச்சணும்? நீங்க சுத்தம் பண்ணி அனுப்புற தண்ணியாச்சே."

அதில் குற்றச்சாட்டே இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். "மழைக்காலம், காய்ச்சியே குடு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். அந்தப் பொய் இரவெல்லாம் நாக்கில் கசந்தது.

இப்போது தொட்டி தெளிந்துவிட்டது. அவள் பாட்டிலை எடுத்து வால்வு மேடையில் வைத்தாள்.

"இது வீட்டுல காய்ச்சினது. நம்ம தண்ணிய நான் குடிக்கிறதே இல்ல."

பம்ப் ஓட்டும் மோட்டார்காரர் தலை குனிந்தார். பிறகு ஸ்பானர் பெட்டிக்குப் பின்னாலிருந்து தன் பாட்டிலை எடுத்தார்.

"அடப்பாவிங்களா! நான் மட்டும்தான் கள்ளின்னு செத்துக்கிட்டிருந்தேன்" என்று, அவளோடு வாரி பிடித்த வாயாடிப் பெண்ணும் தன்னுடையதை வைத்தாள். சிரிக்கத் தொடங்கினார்கள்; சிரிப்பு பாதியிலேயே அறுந்தது.

கான்ட்ராக்டர் வந்தார். "என்ன கும்பல்? வால்வத் திறங்க."

"பவுடர் வரட்டும் சார்" என்றாள் அவள்.

"கண்ணாடி மாதிரி இருக்கு. இன்னும் என்ன?"

அவள் சோதனைக் குழாயில் நீர் பிடித்து சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டாள். போதிய பவுடர் இருந்தால் மஞ்சளாக வேண்டிய நீர் நிறம் மாறாமல் இருந்தது. டம்ளரை நிமிர்த்தி நிரப்பி நீட்டினாள்.

"அப்ப முதல் டம்ளர் நீங்க குடிங்க."

அவர் கை சட்டைப்பைக்குள் போனது. "இப்பத்தான் காபி குடிச்சேன்."

"ஊருக்கும் குழாய்ல காபியே விட்டுடலாமா சார்?" என்றாள் வாயாடி.

"திமிரா? உங்க வேலைக்கு வெளிய ஆள் நிக்குது."

"கூப்பிடுங்க" என்றார் மோட்டார்காரர். "அவங்க வீட்டுலயும் இந்தத் தண்ணிதான். டம்ளர அவங்ககிட்டயே நீட்டுறோம்."

கான்ட்ராக்டர் போனை எடுத்துக்கொண்டு வெளியேறினார். யாரும் திறக்காதபடி மோட்டார்காரர் வால்வுச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டார். ஏற்கெனவே வீடுகளில் பிடித்து வைத்திருக்கும் தண்ணீரைக் காய்ச்சச் சொல்லப் பெண்கள் இருவரும் கிளம்பினார்கள்.

முதல் கதவு நாத்தனாருடையது. உள்ளே அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"மழைன்னு சொன்னீங்களே அண்ணி."

அவளால் நிமிர முடியவில்லை. நாத்தனார் உள்ளே வரச் சொல்லவில்லை. மகளைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"நானும் வரேன். இனிமே நீங்க சொன்னா யாரு நம்புவா? நான் சொன்னா நம்புவாங்க."

மூவரும் அடுத்த வீட்டை நோக்கி நடந்தார்கள். அவள் மட்டும் ஓரடி பின்னால். வாயாடி நின்று, கையைப் பிடித்து முன்னே இழுத்துக்கொண்டாள்.