ஞானராஜ் உறிஞ்சிய ஆறு

இங்கே எழுதப்படுவதில் ஒரு சொல் பொய்யில்லை. எரிகிற கற்பூரத்தை அடித்து அணைத்தும் சொல்லலாம். கற்பூரம் ஆகாது என்பவர்களுக்காக மாதா கோயில் படியேறி வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்தும் சொல்லலாம். போன ஆவணி இரண்டாம் புதன்கிழமை, பகல் பன்னிரண்டே காலிலிருந்து ஒரு மணி வரைக்கும் ஒகேனக்கல்லில் காவிரி ஓடவில்லை. அந்த முக்கால் மணி நேரமும் ஆறு பென்னாகரம் பேருந்து நிலையத்தில், பரிசல்காரர் ஞானராஜின் வாய்க்குள் இருந்தது.

ஞானராஜுக்குக் கீழ்த்தாடையின் வலது கோடியில் ஒரு ஞானப்பல், நிமிர்ந்து முளைக்காமல் எலும்புக்குள் குறுக்கே படுத்துக் கிடந்தது. முப்பது வருடம் அருவிக்குப் பக்கத்திலேயே பரிசல் ஓட்டியதில் அந்தப் பல்லுக்குள் அருவிச் சத்தம் ஏறிவிட்டது. அவர் கொட்டாவி விட்டால் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் சட்டை நனையுமோ என்று ஒதுங்குவார். வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்களே தவிர, யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. இந்த வருடம் தாடை வீங்கி, வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்க மறுத்தபோதுதான் மனைவி வேளாங்கண்ணி அவரைத் தருமபுரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். எக்ஸ்ரேயைப் பார்த்த பல் டாக்டர் யுவராணி, விட்டால் சீழ் கழுத்துக்கு இறங்கும், அறுத்துத்தான் எடுக்க வேண்டும், மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வதுதான், அதனால் சாப்பிட்டுவிட்டே வரலாம் என்று சொல்லி நாள் குறித்தார். ஆபரேஷன் என்றால் வெறும் வயிறு என்று ஊரே சொல்லியும், குறித்த நாளில் வேளாங்கண்ணி ஒரு களி உருண்டையைக் கரைத்துக் குடிக்க வைத்துத்தான் கூட்டிப் போனாள்.

வேறு வியாதி, மாத்திரை ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டார். உண்மையைச் சொன்னால் தள்ளிப்போடுவார்கள் என்ற பயத்தில் ஞானராஜ், "ஒண்ணுமில்லீங்க, கல்லாட்டம் இருக்கேன்" என்றார்.

வேளாங்கண்ணி கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். "கல்லுக்குத்தான் ரெண்டு வருசம் முன்ன நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சாங்களா? ரத்தம் உறையாம இருக்கற மாத்திர இதுங்க டாக்டர்."

"இத மறைக்கவும் கூடாதுங்க, நீங்களா நிறுத்தவும் கூடாது" என்ற டாக்டர், இருதய மருத்துவரிடம் போனில் பேசி முடித்த பிறகே கத்தியைத் தொட்டார்.

பல் மூன்று துண்டாக வந்தது. இரண்டு தையல். பல் வெளியே வந்த நொடியில் அருவி நின்றுபோக, முப்பது வருடத்தில் முதல்முறையாக ஞானராஜ் ஒரு மின்விசிறி சுற்றும் சத்தத்தைக் கேட்டார். அந்தப் பரவசத்தில் டாக்டர் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. மருந்து வாங்கப் போயிருந்த வேளாங்கண்ணிக்குக் கடைசியாகச் சொன்ன 'குளிர்ச்சியாகக் கொடுங்க' மட்டும் கிடைத்தது. எல்லாவற்றையும் அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தார்கள். பரிசலில் கிடந்த எதையும் அடுத்தவன் கரையில் விட்டுவிட்டு வருவது பரிசல்காரன் வழக்கமில்லை. ஆகவே ஞானராஜ் பல் துண்டுகளை அந்தத் தாளிலேயே பொட்டலம் கட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பென்னாகரத்தில் பஸ் மாற இறங்கி, கடித்திருந்த பஞ்சை எடுத்துப் போட்டதும், வேளாங்கண்ணி கருப்பண்ணன் வண்டியில் இளநீர் வாங்கிக் கொடுத்தாள். கருப்பண்ணன் வழக்கம்போல ஸ்ட்ரா போட்டு நீட்டினான். முதல் இழுப்பு இளநீர். இரண்டாவது இழுப்பில் பல் இருந்த குழியில் ஏதோ சுண்டியது. மூன்றாவதில் ஒரு கெண்டைக் குஞ்சு நாக்கின்மேல் துள்ளியது. பத்து நிமிடம் இழுத்தும் காய் காலியாகவில்லை. கன்னம் இரண்டும் பூசணிக்காயாக உப்பின. அப்போதுதான், அன்று அவருக்குப் பதிலாகப் பரிசல் ஓட்டப் போயிருந்த மகன் டேவிட்ராஜிடமிருந்து போன் வந்தது. வேளாங்கண்ணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா, ஆத்துல தண்ணியக் காணோம்ப்பா! பரிசல் பாறையில குந்திக்கிச்சு. பெங்களூருக்காரங்க நாலு பேரும் எறங்கி செல்ஃபி எடுக்கறாங்க. ரெண்டு பக்கமும் செவுராட்டம் பாற, ஏற வழியில்ல!"

ஞானராஜுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பரிசலைத் தள்ளுவதற்கு முன் ஆற்றில் ஒருமுறை துப்புவது அவருடைய முப்பது வருடப் பழக்கம். நாக்கு தானாகவே சுருண்டு தயாரானது. பேருந்து நிலையமே கூடிவிட்டது. "துப்புண்ணா! வெடிச்சிரப் போற!" என்று கருப்பண்ணன் கத்தினான். வேளாங்கண்ணி அவர் பையிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்கிப் பிரித்தாள். பல் துண்டுகள் சிதற, சத்தமாகப் படித்தாள்: இருபத்துநாலு மணி நேரம் துப்பக் கூடாது, ஸ்ட்ராவில் உறிஞ்சக் கூடாது, வாயில் ஊறுவதைத் தலை சாய்த்துத் தானாக வழியவிடவும்.

"துப்புனீங்கன்னா அத்தனை தண்ணியும் ஒரே மூச்சுல போயி நம்ம பையன் தலையில எறங்கும். சாய்ங்க! காய்க்குள்ளயே வுடுங்க!"

அவர் தலையைச் சாய்த்தார். காவிரி அவருடைய வலது கடைவாயிலிருந்து நூல்போல வழிந்து இளநீர்க் காயின் ஓட்டைக்குள் இறங்கியது. போனில் டேவிட்ராஜ் கத்திக்கொண்டே இருந்தான். கணுக்கால். முழங்கால். எல்லாரும் பரிசலில் ஏறிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஒகேனக்கல் பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நுழைய, ஞானராஜுக்குத் தும்மல் முட்டியது.

"வாயத் தொறந்து தும்முங்க! அதுவும் போட்டிருக்கு!"

திறந்து தும்மினார். ஆறு இரண்டடி எகிறியது. பெங்களூர்க்காரர்கள் நனைந்து கைதட்டினார்கள். "மெதக்குதும்மா! பரிசல் மெதக்குது!" என்றான் டேவிட்ராஜ். ஒரு மணிக்குக் கடைசிச் சொட்டும் இறங்க, கெண்டைக் குஞ்சும் அதன் பின்னாலேயே போனது.

உறிஞ்சியதில் குழியின் ரத்தக்கட்டி பெயர்ந்து, நாலு நாள் காது வரை வலித்தது. டாக்டர் திட்டிக்கொண்டே குழியில் மருந்து வைத்தார். கருப்பண்ணன் அதன்பிறகு கன்னம் வீங்கியவர்களுக்கு ஸ்ட்ரா கொடுப்பதில்லை. ஒகேனக்கல்லில் பரிசல் ஏறுகிறவர்களிடம், இன்று உங்கள் வீட்டில் யாராவது பல் எடுத்தார்களா என்று கேட்கிறார்கள்; ஏறுகிறவர்களும் இல்லை என்று சொல்லிவிட்டு உட்காருகிறார்கள்.

இதையும் அதே கற்பூரத்தை அணைத்துச் சொல்லலாம்: பல் எடுத்த ஞானராஜுக்கு முப்பத்திரண்டு பல்லும் இன்றுவரை வாயில்தான் இருக்கின்றன.