கட்டம் கட்டமாய் ஒரு மனு

சட்டைக் காலர் தைத்துத் தைத்தே அவளுக்கு ஃபேக்டரியில் ‘காலரக்கா’ என்று பெயர் வந்துவிட்டது. இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடக்கும் கணவனைப் பார்த்துக்கொள்ள நல அலுவலகம் அரை நாளைக்கு ஓர் ஆளை அனுப்பும். அதற்கான மனு இன்று நாலு மணிக்குள் போய்ச் சேர வேண்டும், அதுவும் பிடிஎஃப்பாக. மனுவுக்குக்கூட உடுப்பு மாற்றித்தான் அனுப்ப வேண்டுமாம்.

போன வாரம் பூராவும் போனில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதியிருந்தாள். பார்க்க லட்சணமாக இருக்கட்டுமே என்று அலங்கார எழுத்து ஒன்றைப் போட்டிருந்தாள். இன்று அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்து, அதைப் பிடிஎஃப்பாக மாற்ற உட்கார்ந்தாள். மாற்றித் தரும் ஆப், விளம்பரம் காட்டி முதலில் செருப்பு வாங்கச் சொன்னது, பிறகு உடம்பைக் குறைக்கச் சொன்னது, கடைசியில்தான் மாற்றிக் கொடுத்தது. கண் சொருகிக்கொண்டு வந்தது. திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டாள்.

மூன்று மணிக்கு போன் அடித்தது. கணவனின் கட்டிலுக்கு மேலிருக்கும் ஜன்னலில்தான் சிக்னல் கிடைக்கும். ஓடிப்போய் அங்கே நின்றாள்.

“அம்மா, நல அலுவலகத்துல குமாஸ்தா பேசுறேன். ஏதோ அலங்கார எழுத்துல அடிச்சீங்களா? மாத்துனதுல எல்லாம் கட்டம் கட்டமா ஆயிடுச்சு. உங்க போன் நம்பர் மட்டும்தான் தப்பிச்சிருக்கு.”

“ஐயோ! மறுபடி அனுப்பட்டுங்களா சார்?”

“நேரமில்லம்மா. வாயால சொல்லுங்க, நானே அடிச்சுடுறேன்.”

பெயரையும் ஊரையும் கடகடவென்று சொன்னாள்.

“காரணம்?”

எழுதும்போது சுலபமாகத்தான் இருந்தது. இப்போது குரலைத் தாழ்த்தினாள். கணவனுக்குக் கைகால்தான் விழுந்துவிட்டதே தவிர, காது நன்றாகவே கேட்கும். ‘எனக்கென்ன கஷ்டம்’ என்று இரண்டு வருடமாக அந்தக் காதில்தான் பொய் சொல்லி வருகிறாள்.

“கேக்கலம்மா. கொஞ்சம் சத்தமா.”

“அவரத் தூக்கிப் புரட்ட எனக்கு...”

அவரை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது?

“தெம்பு இல்லைன்னு சொல்லு,” என்றான் கணவன், கண்ணைத் திறக்காமலே. “இடுப்பு விட்டுப்போச்சுன்னும் போடச் சொல்லு. தினமும் பாக்குறேன்ல.”

குமாஸ்தாவுக்கும் அது கேட்டுவிட்டது. “இடுப்பு... சரிம்மா, போட்டுட்டேன். வேற?”

“வேற ஒண்ணும் இல்லைங்க,” என்றாள், ஜன்னல் கம்பியைப் பிடித்து அழுதுகொண்டே.