கம்பளித் தொப்பி

ரோமாபுரியில் மனிதனைக்கூடச் சந்தையில் நிறுத்தி, பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள் என்று கணேசமூர்த்தி வாத்தியார் சொன்னபோது, புடவைக்கடை லெட்சுமணன் கேட்ட முதல் கேள்வி, "புடிக்கலைன்னா திருப்பி எடுத்துக்குவானா?" என்பதுதான்.

"குறைய மறைச்சு வித்திருந்தா திருப்பி எடுத்துக்கணும்னு சட்டமே இருந்துச்சுங்க."

"அப்ப நம்ம அட்டன் கடைத்தெருவ விட யோக்கியமான ஊருதான்."

பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகியது. கூரைக்குக் காசு சேர்க்க நாடகம். நாடகத்துக்கு வாத்தியார் பிடித்தது ரோமாபுரிக் கதை. ஒரு பிரபுவின் வீடு, விடியுமுன்பே வாசலில் கைகட்டி நிற்கும் கூட்டம், உள்ளே அடிமைகள். பிரபு லெட்சுமணன். நடிப்புக்காக அல்ல, தொந்திக்காகவும், உடுப்புக்கு வேண்டிய வெள்ளைத் துணி அவர் கடையிலிருந்து வரும் என்பதற்காகவும்.

"இந்த நீள வெள்ளைத் துணிய அங்க குடியுரிமை உள்ளவன் மட்டுந்தான் போத்திக்கலாம்" என்றார் வாத்தியார்.

"நல்லவேளை, நான் அங்க கடை போடல. அந்தச் சட்டம் இங்க இருந்தா நம்ம தோட்டங்கள்ல ஒரு முழம் விக்காதே வாத்தியாரே. நானே துண்டோடதான் உக்காந்திருக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நாடு சுதந்திரமடைந்த கையோடு தேயிலைத் தோட்டத்து ஆட்களின் குடியுரிமை பறிபோய் ஏழெட்டு வருஷமாகியிருந்தது. சிரிக்கப் பழகிவிட்டிருந்தார்கள்.

சிரிக்காதவன் ஒருவன் இருந்தான். அடிமை வேஷக்காரன் சோலைமலை. வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன். மாசி மாதக் காமன் கூத்தில் அவன் எமனாக வந்தால் பிள்ளைகள் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும். பெரியவர்களும் ஓரடி பின்வாங்குவார்கள். அந்தக் குரலுக்காகத்தான் வாத்தியார் அவனைத் தேடிப் பிடித்தார். பிடித்த நேரம் சரியில்லை. அவனைத் தோட்டத்து வேலையிலிருந்து பேர் வெட்டியிருந்தார்கள்.

குற்றம் பெரிது. அடைமழையில், ஆள் எண்ணும் காலைப் பெரட்டுக்கு எல்லோரும் வரிசையில் நிற்கும்போது தோட்டத்தை நடத்தும் பெரிய தொரை வந்தார். ஆட்கள் தலையில் கொங்காணியாகப் போட்டிருந்த கம்பளியை இறக்கிக் கக்கத்தில் வைத்தார்கள். அதுதான் வழக்கம். தொரைக்கு முன்னால் தலையில் எதுவும் இருக்கக்கூடாது. மழைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். முதல்நாள் காய்ச்சலில் கிடந்த சோலைமலை கம்பளியை இறக்கவில்லை. அவ்வளவுதான். மாத முடிவுக்குள் லயத்துக் காம்பிராவை, அவர்கள் குடியிருந்த அந்த ஒற்றை அறையை, காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவன் மனைவி அம்மாக்கண்ணுவுக்கு அது எட்டாம் மாதம். பிள்ளை பிறக்க ஒரு கூரை வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"நாடகத்துக்குத் தலைமை தாங்க ஒங்க தொரைதான் வர்றாரு" என்றார் வாத்தியார். "சின்ன வயசுல ரோமாபுரிச் சரித்திரம் படிச்சவரு. நீ நல்லா நடி. முடிஞ்சதும் நானே கூட்டிட்டுப் போயி பேசுறேன்."

கடைசிக் காட்சியில் பிரபு தன் அடிமையை விடுதலை செய்கிறார். விடுதலையின் அடையாளம் ஒரு கம்பளித் தொப்பி. அதைத் தலையில் வைத்ததும் அடிமை நிமிர்ந்து, "இன்று முதல் நானும் இந்த நகரத்தின் குடிமகன்" என்று சொல்ல வேண்டும். தொப்பிக்கு லெட்சுமணன் புதுத்துணி தர மறுத்துவிட்டார். அம்மாக்கண்ணு, புருஷன் இறக்க மறந்த அதே கம்பளியின் மூலையை வெட்டித் தைத்துக் கொடுத்தாள்.

"விடுதலையானப்புறம் அவன் என்ன ஆவான் சார்?" என்று சோலைமலை ஒத்திகையில் கேட்டான்.

"விடிஞ்சதும் வந்து பழைய எஜமானுக்கு வணக்கம் போடுவான். கூப்புட்டா வேலைக்கும் வரணும்."

"அப்ப தொப்பி மட்டுந்தான் புதுசு" என்றார் லெட்சுமணன்.

வாத்தியாருக்குக் கோபம். இன்னொரு விஷயம் சொன்னார். அடிமைகளுக்கெல்லாம் தனி உடுப்புக் கொடுக்கலாமென்று ஒருதரம் ரோமாபுரிச் சபையில் பேச்சு வந்ததாம். கொடுத்தால் தாங்கள் எத்தனை பேர் என்று அவர்களுக்கே தெரிந்துவிடும் என்று பயந்து விட்டுவிட்டார்களாம்.

"எங்களத்தான் பெரட்டுல தெனமும் எண்றாங்களே சார்."

"எண்றது அவங்கதானேப்பா. நீங்களா எண்றீங்க?" என்றார் லெட்சுமணன். அன்று சோலைமலையைத் தனியே அழைத்து, "தம்பி, வேவாரி சொல்றேன் கேளு. தொரைக்கு முன்னால தலைய மூடுனதுக்குத்தான் ஒன்ன வெரட்டுனாங்க. இப்ப மேடையேறி அதே தொரைக்கு முன்னால அதையே செய்யப் போற. சரக்கப் பாக்குறதுக்கு முன்ன வாங்குறவன் மொகத்தப் பாரு" என்றார்.

"வேசம்தானுங்களே" என்றான் சோலைமலை.

சனிக்கிழமை பிற்பகல் மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசை நடுவில் தொரை. பின்னால் பெஞ்சு ஓரத்தில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மாக்கண்ணு. சோலைமலை அன்று நடித்ததை அட்டனில் நெடுநாள் பேசிக்கொண்டார்கள். பிரபுவின் செருப்பைத் துடைக்கக் குனிந்தபோது ஒருவரும் இருமவில்லை. லெட்சுமணனே தன் வசனத்தை மறந்து அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசிக் காட்சி. தொப்பி தலையில் ஏறியது. சோலைமலை நிமிர்ந்தான். எமன் வேஷத்தில் நிமிர்வதுபோல நிமிர்ந்தான். வாயைத் திறந்தான்.

நேர் எதிரே தொரை, காலை மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சோலைமலையின் வலக்கை மேலே போனது. தொப்பியை எடுத்தது. மடித்துக் கக்கத்தில் வைத்தது. அவன் ஓரடி விலகி, பாதையோரம் ஒதுங்குகிறவனைப்போல மேடை ஓரத்தில் ஒதுங்கி, தலையைத் தாழ்த்தி, "சலாமுங்க தொரை" என்றான்.

 தொரை வெடித்துச் சிரித்தார். அவர் சிரித்ததும் மற்றவர்களுக்கும் அனுமதி கிடைத்தது. மண்டபமே சிரித்தது. வாத்தியார் திரைக்கயிற்றை இழுத்துவிட்டு, அங்கேயே சுவரைப் பார்த்து நின்றார்.

அவர் போய்ப் பேசத் தேவையிருக்கவில்லை. தொரையே கூப்பிட்டனுப்பினார். கண்களைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னதை, வேலை மேற்பார்க்கும் கண்டாக்கு தமிழில் சொன்னார்: இப்படியொரு கோமாளியைத் தோட்டத்தை விட்டு அனுப்பலாமா? காம்பிரா அவனுக்கே. தேயிலை மலையில் வேலை வேண்டாம், பங்களாவில் வேலை.

திரும்பும்போது ரயிலடியில் அம்மாக்கண்ணு கேட்டாள்:

"மறந்து கழட்டுனீங்களா, நெனச்சுக் கழட்டுனீங்களா?"

"தெரியலடி. கை போயிருச்சு."

"போனா போவுது. வீடு இருக்கில்ல" என்றாள் அவள். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

பிள்ளை அந்தக் காம்பிராவில்தான் பிறந்தது. ஆண். தொரை ஒரு புதுக் கம்பளி கொடுத்தனுப்பினார். மனிதர் கெட்டவரல்ல. பங்களாவுக்கு விருந்தாளிகள் வரும்போது மட்டும், தேநீர் முடிந்ததும், "தொப்பி!" என்று குரல் கொடுப்பார். தொப்பி சமையற்கட்டு ஆணியில் தொங்கும். சோலைமலை அதைப் போட்டுக்கொண்டு கூடத்துக்குப் போவான். நிமிர்வான். கை மேலே போகும். தொப்பி கக்கத்துக்கு வரும். "சலாமுங்க." சிரிப்பு. நுவரெலியாவிலிருந்து, கண்டியிலிருந்து, ஒருதரம் கொழும்பிலிருந்துகூட வந்து பார்த்தார்கள்.

லெட்சுமணன் ஒருமுறை துணி கொண்டுபோனபோது அதைக் கண்டார். கடைக்குத் திரும்பியவர் அன்று முழுவதும் யாரோடும் பேரம் பேசவில்லை. கேட்ட விலைக்கே கொடுத்தார்.

மாசி வந்தது. கூத்துக்காரர்கள் லயத்து வாசலில் வந்து நின்றார்கள்.

"நான் வரலண்ணே. சிரிச்சிருவாங்க" என்றான் சோலைமலை.

"எமனப் பாத்து எவன்டா சிரிப்பான்?"

அம்மாக்கண்ணு பிள்ளையை இறக்கி வைத்துவிட்டு, "வருவாரு" என்றாள். வேஷம் கட்டும்போது அவளே கிரீடத்தை எடுத்தாள். கயிற்றைத் தாடைக்குக் கீழே கொண்டுவந்து, இழுத்து, முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டாள்.

"இறுக்குதுடி."

"இறுக்கட்டும்."

தப்பு முழங்கியது. கரிய முகமும் பாசக்கயிறுமாக எமன் திடலுக்குள் குதித்தான். குரல் பழைய குரல்தான். முன்வரிசைப் பிள்ளைகள் சிதறி ஓடின. அம்மாக்கண்ணுவுக்கு மூச்சு வந்தது.

தொரையும் வந்திருந்தார், வருஷாவருஷம் வருவதுபோல, நாற்காலி போட்டு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பின்னாலிருந்து எவனோ ஒருவன்தான், லயத்துக்காரனேதான், கத்தினான்:

"ஏய் எமா! தொப்பி!"

ஓடிய பிள்ளைகள் நின்றன. யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள்.

எமனின் வலக்கை மேலே போனது. கிரீடத்தைப் பிடித்தது. இழுத்தது. முடிச்சு இறுகியது; கிரீடம் வரவில்லை. மறுபடி இழுத்தான். இடக்கையும் போனது. பாசக்கயிறு கீழே விழுந்தது. தப்பு நின்றுவிட்டது. சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

அம்மாக்கண்ணு பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அது பயந்து அழவில்லை. மற்றவர்களைப் பார்த்து அதுவும் சிரிக்கத் தொடங்கியிருந்தது.